பழசு இல்லை, விண்டேஜ்

ஒரு மனிதன் தனக்கென்று வீடு தேடுவது, அவனுடைய ஆன்மா தனக்கென்று ஓர் உடலைத் தேடுவதற்கு ஒப்பானது. இந்த அரிய உண்மையைச் செட்டுக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில், யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல்லைக் கையில் வைத்து ராவிக்கொண்டே, பல் டாக்டரிடம் வெளியிட்டார். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சரிதான். பாத்ரூம்ல தண்ணி வருதான்னு மொதல்ல பாருங்க" என்றார்.

செட்டுக்காரர் என்றால் பல் செட் செய்கிறவர். டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடந்த அறையில் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேரின் சிரிப்பை அவர்தான் தயாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும்கூட, "அக்காவைத் தனியா விட்டுட்டு நாம பாட்டுக்கு ஒரு குடும்பம்னு போயிட முடியுமா சார்?" என்பார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் வெறித்துப் பார்ப்பார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எக்ஸ்ரே படம் மாட்டுகிற விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது, அதைப் பார்ப்பார். யாருடைய கடைவாய்ப் பல்லாவது தெரியும்.

அந்த அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. போன வருஷம்வரை அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவளைக் கேட்டவர்களுக்கு அவள் சொன்ன காரணம், "நான் போயிட்டா தம்பிக்கு யாரு சோறு போடுவா?" என்பது. இப்படி ஒருவருக்காக ஒருவர் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்து, அப்பா கட்டிய வீட்டில் இருவரும் சௌகரியமாக இருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் தனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. எல்லாமே அடுத்தவருக்காகத்தான். சீப்பில் மிஞ்சிய கடைசி வாழைப்பழத்தை அக்கா தம்பிக்கென்று விட்டுவைப்பாள், தம்பி அக்காவுக்கென்று விட்டுவைப்பார். அது கறுத்து, ஈ மொய்த்த பிறகு, இருவருமாகச் சேர்ந்து தூக்கிப் போடுவார்கள்.

இப்படியே போயிருக்கும். ஓய்வுபெற்ற சரக்கு ரயில் கார்டு ஒருவர் பல் செட் வைத்துக்கொள்ள வந்ததில் எல்லாம் கெட்டது.

கார்டு, வேலை பார்த்த காலம் முழுக்கச் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாகப் பின்னோக்கிப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். பெண்டாட்டி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷம் பேசாமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு கொட்ட ஆரம்பித்தார். பல் இல்லாததால் கொட்டியதில் பாதி காற்றாகப் போய்க்கொண்டிருந்தது. செட்டுக்காரர் அவருக்குச் செய்து கொடுத்த செட், அவர் தொழிலிலேயே உச்சம். வரிசையாக இருந்தால் பொய் தெரிந்துவிடும் என்று ஒரு முன்பல்லை லேசாகச் சாய்த்து, வயதுக்கு ஏற்றமாதிரி துளி மஞ்சள் ஏற்றி, பெற்ற தாயே சந்தேகப்பட முடியாதபடி செய்திருந்தார். செட்டை மாட்டிக்கொண்டு கார்டு முதன்முதலாகச் சிரித்த நேரத்தில், தம்பிக்கு மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள்.

அக்காவைச் சாய்த்த அந்தச் சிரிப்பில் தெரிந்த பன்னிரண்டு பல்லும் தம்பியின் கைவேலை.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. செட்டுக்காரரே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அக்கா புருஷனை அத்தான் என்று கூப்பிட வேண்டும். அரைநூற்றாண்டைத் தாண்டிய பிறகு திடீரென்று ஓர் அத்தான் முளைத்தால் நாக்கு எப்படிப் புரளும்? "சார்", "இவரே", "கேக்கறீங்களா" என்று சமாளித்தார். கார்டுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. மை காய்வதற்குள் தோளில் கையைப் போட்டு, "வா மச்சான், காபி குடிப்போம்" என்றார்.

கார்டு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு டார்ச் லைட்டுமாக அவர்கள் வீட்டுக்கே குடிவந்தார். யாரும் செட்டுக்காரரை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தொல்லை. அவருடைய தட்டு அதே இடத்தில்தான் இருந்தது. துண்டு அதே கொடியில்தான் காய்ந்தது. ஆனால் அக்கா சிரிக்கும்போது, ஏன் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாமல் போனது. பாதிக் கதையில் உள்ளே நுழைந்தவர் மாதிரி நின்றார். காலையில் பல் தேய்க்கப் போனால், கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் டம்ளருக்குள் கார்டின் பல் செட் கிடந்து அவரைப் பார்த்து இளித்தது. எவ்வளவு நல்ல வேலை என்று ஒவ்வொரு நாளும் அவருக்குத் தோன்றியது. அது வேறு எரிச்சல்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறிவித்தார். "நான் வேற வீடு பாக்கலாம்னு இருக்கேன். புதுசா குடித்தனம் பண்றவங்களுக்கு நடுவுல நான் எதுக்கு நந்தி மாதிரி?"

இதற்கு அவர் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியம். "நீ எதுக்குடா போகணும்?" அதை அக்கா சொல்வாள், நாம் கொஞ்சம் பிகு பண்ணுவோம், அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், பிறகு பெரிய மனதோடு சம்மதிப்போம் என்று எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் ஒத்திகை பார்த்துவிட்டே வந்திருந்தார்.

அக்கா கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அவள் மனதில் ஓடியது வேறு. நமக்காக இத்தனை வருஷம் கட்டிப்போட்ட மாடு மாதிரி இருந்தவன், இப்போதுதான் வாய் திறந்து தனக்கென்று ஒன்று கேட்கிறான், குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைத்தாள்.

"எந்தப் பக்கம் பாக்கற?" என்றாள்.

"நல்ல யோசனை மச்சான்!" என்றார் கார்டு. "ஆம்பளைக்குன்னு ஒரு இடம் வேணும்."

செட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மென்று விழுங்குவதற்கு அன்று நெடுநேரம் பிடித்தது. அவருடைய பல்லெல்லாம் சொந்தப் பல்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் வீடு தேடத்தான் வேண்டும். அப்போதுதான் ஆன்மா, உடல் எல்லாம் வந்தது. சாதாரண வீடு பார்த்தால், துரத்தப்பட்டவன் ஒண்ட இடம் தேடுகிறான் என்று ஊர் சொல்லும். ரசனை உள்ள வீடாகப் பார்த்தால் பேச்சே வேறு. அதனால் நகரத்தின் பழைய பகுதியில், மூன்றாம் மாடியில் விலைக்கு வந்திருந்த ஓர் அடுக்குமாடி வீட்டைப் பிடித்தார். "காலம் உறைந்த கனவு இல்லம்! அன்றைய கம்பீரம், இன்றைய வசதி!" என்று விளம்பரம் கூவியது. கார் நிறுத்த இடம் இல்லை என்பதை மட்டும் பொடி எழுத்தில் முனகியது.

காட்ட வந்தவர் தரகர். அவருடைய அட்டையில் 'இல்லக் கனவு ஆலோசகர்' என்று இருந்தது. கோட்டு போட்டிருந்தார். வியர்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய கட்டடம்தானே?" என்றார் செட்டுக்காரர், கட்டடத்தை அண்ணாந்து பார்த்து.

"ஐயோ, அந்த வார்த்தையே சொல்லாதீங்க சார். பழசுன்னா இடிக்கணும். இது விண்டேஜ். விண்டேஜ்னா பாலிஷ் போடணும்."

கீழே, மடக்குக் கம்பிக் கதவு போட்ட அந்தக் காலத்து லிஃப்ட் ஒன்று பளபளவென்று நின்றது. உள்ளே ஒரு பெரிய தொட்டிச் செடி. அதன்மேல் மஞ்சள் விளக்கு.

"இது எப்ப ஓடும்?"

"ஓடாது சார். அது அழகுக்கு."

படியேறினார்கள். மூன்றாவது மாடிக்கு வந்தபோது ஆலோசகருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. "படியேறினா இதயத்துக்கு நல்லது சார்" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

உயரமான கதவு. உள்ளே உயரமான கூடம். ஒரு சுவரில் பூச்சு இல்லாமல் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"இந்தச் சுவருக்குப் பூசவே இல்லையே?"

"பூசித்தான் சார் இருந்துது. சுரண்டி எடுத்தோம். அதுக்கே தனியா ஆள் வரவழைச்சோம்."

தரையில் பூப்போட்ட பழைய சிமென்ட் கற்கள். நடுநடுவே உடைந்துபோனவற்றுக்குப் பதிலாக, வேண்டுமென்றே வெளுக்கவைத்த புதுக் கற்களைப் பதித்திருந்தார்கள். எது அசல், எது போலி என்று செட்டுக்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் குறையாகப் படவில்லை. ஒன்றைப் புதிதாகச் செய்வதைவிடப் பழையதாகச் செய்வது எவ்வளவு பாடு என்பது தெரிந்தவர் அவர். குனிந்து ஒரு கல்லைத் தடவி, "நல்ல கை" என்றார். ஆலோசகர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அலமாரியில் தோல் அட்டைப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை இழுத்தார், வரிசை மொத்தமும் கூடவே வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. முதுகு மட்டும்தான். குளியலறையில் சிங்கக் கால் வைத்த தொட்டி. ரசனை உள்ள மனிதன் அதில் இறங்கிப் பார்க்காமல் இருக்க முடியாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். சாய்ந்தும் பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு ஆலோசகர் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், "இடம் தாராளமா இருக்கு", "ஆமா சார், தாராளம்" என்று பேசிக்கொண்டார்கள்.

சமையலறைக்குப் பக்கத்தில் வட்டமான சின்ன மேசை. இரண்டு நாற்காலி. இரண்டு பேருக்கு எடுத்துவைத்திருந்தது: இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, மடித்த துணி, நடுவில் மெழுகினால் செய்த ஆரஞ்சுப் பழங்கள். யாரோ இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார்கள், கை துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதுபோல இருந்தது. செட்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தட்டைத் தன் பக்கம் நகர்த்தப் பார்த்தார். அசையவில்லை.

"ஒட்டியிருக்கு சார்" என்றார் ஆலோசகர் வருத்தமாக. "போன தடவை பாக்க வந்தவங்க ரெண்டு கோப்பையைப் பையில போட்டுட்டுப் போயிட்டாங்க."

எதிர் நாற்காலியில் ஆலோசகர் உட்காருவார் என்று செட்டுக்காரர் ஒரு கணம் நினைத்தார். ஆனால் ஆலோசகருக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். ஒரு பெண் குரல், "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டது. தன் காதருகிலேயே கேட்டதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது. செட்டுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டாள், "எப்படிடா இருந்துது?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சுவர் ஒல்லி. அடுத்த வீட்டுல தும்மினா இங்க கேக்குது."

இந்த இடத்தில் அவள், "அப்படின்னா வேணாம்டா, எங்கேயும் போகாதே" என்று சொல்லியிருக்கலாம். "தனியா இருக்கறப்போ மனுஷச் சத்தம் கேக்கறது நல்லதுதானே" என்றாள்.

அடுத்த வாரம் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து, லிஃப்டில் செடி வளர்க்கிறார்கள் என்றார். அதற்கு கார்டு, தினமும் மாடி ஏறியதால் தொண்ணூறு வயதுவரை இருந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் கதையைச் சொன்னார். நீளமான கதை. ஸ்டேஷன் மாஸ்டர் தொண்ணூறாவது வயதில் மாடியிலிருந்து விழுந்து செத்தார் என்பது கடைசியில்தான் வந்தது. குளியல் தொட்டி வழுக்குகிறது என்றார் செட்டுக்காரர். ரப்பர் பாய் போடலாம் என்றாள் அக்கா, போய் ஒன்று வாங்கியும் வந்துவிட்டாள். அவர் ஒரு குறை கண்டுபிடித்தால் அவள் ராத்திரிக்குள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தன்னை அனுப்பிவைப்பதில் அவளுக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனமா என்று அவர் அடுத்த குறையைத் தேடினார். இந்தக் குறைகளைச் சாக்காக வைத்து வீடு வேண்டாம் என்று விட்டால், தம்பி நமக்காகத்தான் மறுபடி விட்டுக்கொடுக்கிறான் என்றாகிவிடுமே என்று அவள் இன்னும் மும்முரமானாள்.

அவரும் வாரா வாரம் போய்க்கொண்டிருந்தார். பார்க்க என்ன மிச்சம் இருந்தது? ஜன்னல் கொக்கியைப் பார்க்க வேண்டும் என்பார், தரையின் சாய்மானம் பார்க்க வேண்டும் என்பார். ஆலோசகர் திறந்துவிட்டு, "பாருங்க சார், பாருங்க" என்று கொட்டாவி விட்டபடி வெளியே போய் நிற்பார். செட்டுக்காரர் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரர்கள் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். குடை எங்கே வைத்தாய் என்பதுபோன்ற சண்டைகள். ஒருமுறை குடை கதவுக்குப் பின்னால் கிடைத்தபோது, அவருக்கும் அப்பாடா என்று இருந்தது.

கடைசியில் ஆலோசகரே கேட்டுவிட்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. வாங்கப் போறீங்களா, இல்ல..." அந்த 'இல்ல'வுக்கு அப்புறம் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை.

"எங்க அக்கா வந்து பாக்காம நான் பனியன்கூட வாங்கினது கிடையாது" என்றார் செட்டுக்காரர். சொன்ன பிறகுதான், ரசனை உள்ள மனிதனின் வாயில் வரக்கூடாத வாக்கியம் அது என்று உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் கார்டும் வந்தார்கள். அக்கா வந்து பார்த்தால் போதும், இந்த வீட்டில் இவனைத் தனியாக விடுவதா என்று பெற்ற வயிறு மாதிரி பதறிவிடுவாள் என்பது செட்டுக்காரரின் கணக்கு. வழியெல்லாம் வீட்டைப் பற்றிக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தார்.

கார்டு உள்ளே நுழைந்ததும் டார்ச் லைட்டை எடுத்து, பட்டப்பகலில், கட்டிலுக்கு அடியிலும் குழாய்க்கு அடியிலும் அடித்துப் பார்த்தார். "பழக்கம்" என்றார் ஆலோசகரிடம். "வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பெட்டிக்கு அடியில பாக்கணும்ல." பிறகு சிங்கக் கால் தொட்டியில் இறங்கி, படுத்து, ஒரே எழும்பில் எழுந்து வந்தார்.

அக்கா நேரே சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய ஜன்னல். அதற்குக் கீழே தெரு. ஒருவன் சைக்கிளில் பலூன் கொண்டுபோனான். தையற்கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டுத் தூங்கினார். அப்பா கட்டிய வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். பாசி பிடித்த சுவர். ஆயுசில் பாதியை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சமைத்தவள் இந்த ஜன்னலின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னம்மா, வண்டி நின்னு போச்சா?" என்றார் கார்டு.

"அந்தத் தையக்காரர் விழப்போறாரு பாருங்க" என்றாள் அவள், திரும்பாமல். குரலில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பின் காரணம் கார்டுக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் அவரும் எட்டிப் பார்த்தார்.

ஆலோசகர் தொழில் தெரிந்தவர். யார் நிஜமான வாடிக்கையாளர் என்பது அவருக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு செட்டுக்காரரைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலருகே நின்றார். "காலையில வெயில் இந்தப் பக்கம்தாம்மா வரும்."

செட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சத்தம்!" என்றார். "தெருச் சத்தம் ஓயாது. படி செங்குத்து. சுவரைச் சுரண்டி வச்சிருக்கான். அலமாரியில ஒரு புஸ்தகம்கூட இல்ல, வெறும் முதுகு!"

"நீதானேடா நல்லா இருக்குன்னு சொன்ன?"

"சொன்னேன். ஆனா என்னால முடியாதுக்கா." குரல் உடைந்தது. சொல்ல வேண்டியது நெஞ்சுவரை வந்துவிட்டது. உன்னை விட்டுவிட்டு என்று ஆரம்பிக்க வேண்டும். ஆலோசகர் பார்த்துக்கொண்டிருந்தார். கார்டு டார்ச் லைட்டைக்கூட அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டை விட்டுட்டு என்னால வர முடியாது" என்று முடித்தார்.

அக்கா அவரை நெடுநேரம் பார்த்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. கார்டுகூடப் பேசவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்று செட்டுக்காரர் அன்று நன்றாகத் தூங்கினார்.

சில நாள் கழித்து அக்கா அவர் தட்டில் சோறு போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். "தம்பி, நீ ஒண்ணும் கவலைப்படாத. உனக்கு இந்த வீடுன்னா உசுருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அன்னைக்கு நீ சொன்னப்போதான் புரிஞ்சுது. அப்பா கட்டின வீடு, நீ இருக்க வேண்டிய வீடு. நாங்க வந்து உக்காந்துக்கிட்டு உன்னை வெளிய தேட வச்சுட்டோம்."

"நாங்களே அந்த வீட்டை எடுத்துக்கறோம் மச்சான்" என்றார் கார்டு. "என் வீட்டை வித்த பணமும் ஓய்வுப் பணமும் இருக்கு. பேசி முடிச்சாச்சு. உங்கக்காவுக்கு அந்த ஜன்னல் ரொம்பப் பிடிச்சுப்போச்சு, ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறா. உனக்காகத்தான் போறோம்னு சொல்லித்தான் நானே சம்மதிக்க வச்சேன்."

செட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்காக. அந்தக் குடும்பத்தில் இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

"நானும் அதைத்தான் நெனைச்சேன்" என்றார் கம்பீரமாக. "அத்தானுக்கும் மாடி ஏறி எறங்கினா நல்லதுதான்."

அத்தான் என்கிற சொல் தானாக வந்து விழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவரே கை கழுவும்போதுதான் கவனித்தார்.

சாமான் மாற்றுகிற அன்று அவர் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டார். அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு கார்டோடு லாரியில் போனாள். அவர் ரப்பர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார். ஆலோசகர் கடைசியாக ஒருமுறை வந்திருந்தார், மேசையிலிருந்து தட்டுகளைப் பெயர்த்து எடுத்துப் போக. எடுத்த இடத்தில் பாலிஷும் சேர்ந்து வந்து, இரண்டு வட்டம் வெளுத்துப்போயிருந்தது. அக்கா அதன்மேல் தன் சொந்தத் தட்டுகள் இரண்டை வைத்தாள். மூடிவிட்டது.

அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தும்முகிறவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டவராக இருந்தார். செட்டுக்காரர் பழகிய மனிதரைப் பார்த்ததுபோல, "குடை மறுபடி தொலையலையே?" என்று கேட்டுவிட்டார். அவர் திகைத்துப்போய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார்.

கிளம்பும்போது அக்கா மாடிப்படிவரை கூடவே வந்தாள். சாவிக் கொத்தை அவர் கையில் வைத்து மூடினாள். "பால் வாசல்ல வைப்பாங்க. குழம்பு ரெண்டு நாளைக்கு இருக்கு." கொஞ்சம் நின்றாள். "மனசுல எதையாவது வச்சுக்கிட்டு இருக்கியாடா? இருந்தா சொல்லிடு."

மாடிப்படியில் யாரும் இல்லை. லிஃப்ட் செடியின் மஞ்சள் வெளிச்சம் கீழிருந்து கம்பிகளின் வழியாக ஏறி வந்தது. அவருக்கு வேண்டிய அளவுக்கு நேரம் இருந்தது.

"மோட்டார் எப்பப்போ போடுவாங்கன்னு கேட்டு வச்சுக்கோ" என்றார். "மூணாவது மாடி. தண்ணி ஏறாது."

"சரிடா."

உள்ளேயிருந்து கார்டு கூவினார். "அடிக்கடி வா மச்சான்! ஒரு ஃபோன் பண்ணிட்டு வா!"

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. வாசலில் நின்று அழைப்பு மணியை அடித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காத்திருந்தார். உள்ளே மணியடிப்பது வெளியே இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. இன்னொரு தடவை அடித்தார்.

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "உங்கக்காதான் காலையிலயே லாரியில போயிட்டாங்களே. உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. மணி வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"சாவி குடுத்தாங்களா?"

"இருக்கு, இருக்கு."

கொத்தை எடுத்துப் பெரிய சாவியாகப் பார்த்துப் போட்டார். வலது பக்கம் திருப்பினார். இடது பக்கம் திருப்பினார். அடுத்த சாவியைப் போட்டார். அது நுழையவே இல்லை. மறுபடி பெரிய சாவி. அடுத்த வீட்டம்மா துணியைத் தோளில் போட்டபடியே இறங்கி வந்து, அவர் கையிலிருந்து கொத்தை வாங்கினாள். கதவைத் தன் பக்கம் ஓர் இழுப்பு இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

"இப்படி இழுத்துப் பிடிச்சாத்தான் தொறக்கும். உங்கக்கா சொல்லலையா?"

அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. அதன் வாசல் கதவை வெளியிலிருந்து அவர் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. அன்றும் திறந்தது அடுத்த வீட்டம்மாதான்.